கால் பன்னியில் கூலியின் பங்கு எவ்வளவு?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் தேதியை ஒட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து உணவுக் கடைகளில் இரண்டு விதமான பேச்சு எழும். இந்தியர் மிகுந்த சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பன்னி, அதாவது கறி ஊற்றிய ரொட்டி, விற்கும் டேக்அவே கடை நடத்துகிறவர், அரசாங்கம் கூலியை ஏற்றிவிட்டது, இனி விலையை ஏற்றாமல் முடியாது, ஆளையும் குறைக்க வேண்டியிருக்கும் என்பார். அதே கடையின் பின்கட்டில் வெங்காயம் அரிகிறவர், ஏறிய காசு டாக்சிக்கே, அதாவது பலர் சேர்ந்து போகும் வேனுக்கே, பற்றாது என்பார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு உண்மை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கணக்கைப் போட்டால் விலையைப் பற்றிய பயம் பெரும்பாலும் கரைந்து, வேலை நேரத்தைப் பற்றிய கவலைதான் மிஞ்சுகிறது.

முதலில் சட்டம். தென்னாப்பிரிக்காவில் 2018 வரை எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இல்லை. துறைக்கு ஒரு விகிதம் இருந்தது. விருந்தோம்பல் துறையில், பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் கடைக்கு ஒன்றும் அதற்குக் குறைந்த கடைக்கு இன்னொன்றுமாக விகிதம்கூடப் பிரிந்திருந்தது. 2016-இல் பொருளியலாளர் இம்ரான் வலோடியா தலைமையில் அமைந்த நிபுணர் குழு மணிக்கு 20 ராண்ட் என்று பரிந்துரைத்தது. வாரம் 40 மணி நேரம் உழைக்கிறவருக்கு அது மாதம் ஏறத்தாழ 3,500 ராண்டாகும். தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2018-இல் நிறைவேறி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பண்ணைத் தொழிலாளருக்கு 18, வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு 15 என்று தொடக்கத்தில் இருந்த வேறுபாடு முறையே 2021-இலும் 2022-இலும் நீங்கியது. பொது விகிதம் 20.76, 21.69, 23.19, 25.42, 27.58 என்று படிப்படியாக ஏறி, 2025 மார்ச் 1 முதல் 28.79 ராண்டானது; கீழே வரும் கணக்கெல்லாம் அந்த 2025 விகிதப்படி. ஆறு ஆண்டுகளில் 44 சதவீத உயர்வு. இதில் 2023-இன் உயர்வு 9.6 சதவீதம், 2024-இன் உயர்வு 8.5 சதவீதம், அந்த ஆண்டுகளின் சராசரிப் பணவீக்கம் முறையே 6.0, 4.4. கூலி பணவீக்கத்தை முந்தியது என்று இதை வைத்துச் சொல்லலாம்தான். ஆனால் 2023 மார்ச்சில் உணவுப் பொருள்களின் பணவீக்கம் மட்டும் 14 சதவீதத்தைத் தொட்டிருந்தது; கூலியில் பெரும்பகுதியை அரிசிக்கும் எண்ணெய்க்கும் செலவிடும் வீட்டுக்கு அந்த எண்தான் கணக்கு.

சட்டம் குறித்த கூலி என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்திறங்கியவர்களின் ஒப்பந்தத்திலும் கூலி எழுதப்பட்டிருந்தது: முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். அது ‘இதற்கு மேல் கேட்காதே’ என்ற உச்சவரம்பு. இப்போதைய சட்டம் போடுவது ‘இதற்குக் கீழே போகாதே’ என்ற கீழ்வரம்பு. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் கதையைச் சொல்லி இன்றைய கூலியைப் பெருந்தன்மையாகக் காட்டும் கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

எதைக் கூலியாகக் கணக்கில் சேர்க்கலாம் என்பதிலும் சட்டம் கறாராக இருக்கிறது. மதியம் கடையிலேயே சாப்பிடும் சோறும் கறியும், போக்குவரத்துக்குக் கொடுக்கும் காசு, வாடிக்கையாளர் வைத்துப்போகும் டிப்ஸ், தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ தரும் போனஸ் ஆகிய எதையும் குறைந்தபட்சக் கூலிக்குள் அடக்க முடியாது. ‘சாப்பாடு போடுகிறேனே’ என்ற வாதம் தொழில் ஆய்வாளர் முன் எடுபடாது.

இனி விலைக்கு வருவோம். பன்னி என்றதும் தமிழ்நாட்டு வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். இது டர்பனின் பன்னி சாவ், ரொட்டியின் நடுப்பகுதியைத் தோண்டியெடுத்து, அந்தக் குழியில் கறியை ஊற்றித் தருவது. பனியா வணிகர்களின் பெயரிலிருந்து வந்த சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு ரொட்டியை நான்காக வெட்டினால் கால் பன்னி. மட்டன், கோழி, பீன்ஸ் எதுவானாலும் ஓரத்தில் துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சைமிளகாயுமாகச் சம்பல் இருக்கும். பர்கர் சங்கிலிக் கடைகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இது இந்த ஊரின் துரித உணவு.

எளிமைக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு ஒன்பது மணி நேரம், எல்லாருக்கும் குறைந்தபட்சக் கூலி; நாளொன்றுக்கு 120 பன்னி, சராசரி விலை 80 ராண்ட். வரவு 9,600. உழைப்பு 54 மணி நேரம். கூலி 27.58 ஆக இருந்தபோது நாளுக்கு 1,489 ராண்ட் சம்பளம், 28.79 ஆனதும் 1,555. வித்தியாசம் 65 ராண்ட் சொச்சம். அதை 120 பன்னிகளில் பகிர்ந்தால் ஒன்றுக்கு 54 சென்ட், அதாவது விலையில் 0.7 சதவீதம். உயர்வு கடுமையாக இருந்த 2023-ஐ எடுத்துக்கொண்டாலும் பன்னி ஒன்றுக்கு ஒரு ராண்ட்தான் வருகிறது. 2019-இன் 20 ராண்டிலிருந்து 28.79 வரையிலான ஆறு ஆண்டு உயர்வு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டினாலும் பன்னிக்கு நான்கு ராண்டைத் தாண்டாது. காரணம் எளிது: இந்தக் கடையில் விற்பனை வரவில் கூலியின் பங்கு ஆறில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் இறைச்சி, ரொட்டி, எண்ணெய், எரிவாயு, மின்சாரம், வாடகை, வரி.

இந்தக் கணக்கு ஓர் இடத்தில் சறுக்கும். அதே ஆறு பேரை வைத்துக்கொண்டு நாளுக்கு 60 பன்னிதான் விற்கிற கடை என்றால், கூலியின் பங்கு மூன்றில் ஒன்றை நெருங்கும். பன்னிக்கு 54 சென்ட் என்பது ஒரு ராண்டுக்கு மேல் போகும். கூலி உயர்வு எல்லாக் கடையையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கூட்டம் இல்லாத கடையைத்தான் அது பிடித்து உலுக்குகிறது. இன்னொன்று, ஏற்றம் கடைநிலையோடு நிற்பதில்லை. பாத்திரம் தேய்க்க நேற்று வந்தவரின் கூலி 28.79 ஆகும்போது, பதினைந்து ஆண்டாக மசாலா வறுத்து 32 ராண்ட் வாங்கும் சமையற்காரர் தன் இடைவெளி எங்கே என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். அந்த இரண்டாவது அலையையும் சேர்த்தால் 0.7 சதவீதம் ஒன்றோ ஒன்றேகாலோ ஆகலாம்.

அப்படியானால் பலகையில் விலை ஏன் ஐந்து ராண்ட், பத்து ராண்டாகத் தாவுகிறது? சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் அண்ணன் இருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டும் எண்களாலான விலைப் பலகை. காலை எட்டரைக்கு ரொட்டி வண்டி வந்து போனதும் கட்டைப் பலகையில் ரொட்டிகளை வரிசையாக அடுக்கி, நீளக் கத்தியால் நான்காக்கிக்கொண்டே பேசுவார். இதே கேள்வியை அவரிடம் கேட்டேன். “54 சென்ட் ஏத்தினா சில்லறைக்கு எங்கே போவேன் தம்பி? ஏத்துறதுன்னா ஒரேயடியா அஞ்சு ராண்ட்தான்” என்றார். 1, 2 சென்ட் நாணயங்களை அச்சிடுவது 2002-இலும், 5 சென்ட் நாணயத்தை அச்சிடுவது 2012-இலும் நின்றுவிட்ட நாட்டில் அது சரியான பதில்தான். அவர் ஒன்றரை ஆண்டு பொறுத்து, எல்லாச் செலவையும் சேர்த்துவைத்து ஒருநாள் பலகையை மாற்றுவார். அந்த ஒன்றரை ஆண்டில் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் ஏறியிருக்கும். 2023-இல் பறவைக் காய்ச்சலால் கோழி ஏறியது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023-இல் மட்டும் 18.65 சதவீதம் கூடியது. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டியிருந்தது. இவற்றில் எண்ணெயும் கோழியும் சத்தமில்லாமல் ஏறுகின்றன. கூலிதான் அரசிதழில் தேதி போட்டு, வானொலிச் செய்தியோடு ஏறுகிறது. பழி அதன்மேல் விழுவதற்கு அந்த விளம்பரமே போதும்.

வெளிநாட்டு ஆய்வுகளும் ஏறத்தாழ இதே அளவைத்தான் காட்டுகின்றன. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியாவில் அது மாறவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லையின் இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்தார்கள். வேலை குறையும் என்ற பாடப்புத்தகக் கணிப்பு பொய்த்தது. நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. உணவின் விலை அங்கே நான்கு சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தது. 1994-இல் வெளியான அந்த ஆய்வை டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தார்கள், சச்சரவு நீண்டது. கார்டுக்கு 2021-இல் நோபல் நினைவுப் பரிசு கிடைத்த பிறகும் அது ஓயவில்லை.

அண்மைச் சோதனைக்களம் கலிபோர்னியா. நாடு முழுவதும் 60 கிளைகளுக்குக் குறையாத துரித உணவுச் சங்கிலிகளுக்கு மட்டும் 2024 ஏப்ரல் 1 முதல் மணிக்கு 20 டாலர். அதுவரை மாநிலத்தின் பொதுக் கூலி 16 டாலர். ஒரே நாளில் 25 சதவீத உயர்வு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரைக் தலைமையில் நடந்த ஆய்வு, வேலை குறையவில்லை, விலை 3.7 சதவீதம்தான் ஏறியது, அதாவது நான்கு டாலர் பர்கருக்கு 15 சென்ட் என்றது. ஜெஃப்ரி கிளெமென்சும் உடன் ஆய்வாளர்களும் 2025-இல் வெளியிட்ட ஆய்வோ, நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்கே துரித உணவு வேலைகள் 2.7 சதவீதம், ஏறத்தாழ 18,000 குறைந்தன என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: சண்டை முழுக்க வேலையின் எண்ணிக்கையைப் பற்றியது. 25 சதவீத உயர்வுக்கு 3.7 சதவீத விலையேற்றம் என்பது நம் கற்பனைக் கடைக் கணக்கின் ஆறில் ஒரு பங்குக்குப் பெரிதும் நெருங்கியே வருகிறது.

கூலி ஏறியும் வேலை ஏன் குறையாமல் இருக்க முடியும்? தெளிவான விளக்கம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் பலம் முதலாளி பக்கம் சாய்ந்திருக்கும் சந்தையைப் பற்றியது. சாட்ஸ்வொர்த் 1960-களின் தொடக்கத்தில், குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் இந்தியருக்கென்று ஒதுக்கி எழுப்பப்பட்ட குடியிருப்பு. கறுப்பின மக்களுக்கு உம்லாசி. நிறவெறி போனாலும் வரைபடம் மாறவில்லை. உம்லாசியிலிருந்தோ இனாண்டாவிலிருந்தோ டாக்சி பிடித்து வருகிறவருக்கு, இன்னும் இரண்டு டாக்சி மாறி வேறு கடை தேடிப் போவது கட்டுப்படியாகாது. அதனால் அவருடைய உழைப்பின் மதிப்புக்குக் குறைவாகக் கொடுத்தும் கடை அவரைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது. அந்த இடைவெளிக்குள் சட்டம் கூலியை உயர்த்தினால், ஆள் நிற்பார். அடிக்கடி ஆள் மாறிப் புதியவருக்குப் பழக்கும் செலவும் குறையும். இடைவெளியைத் தாண்டி உயர்த்தினால்தான் வேலை போகத் தொடங்கும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது துறைக்குத் துறை மாறும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சாட்சி. வீட்டு வேலைக்கு முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது சம்பளம் நன்றாக ஏறியது, வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று பொருளியலாளர்கள் டிங்கல்மன், ரஞ்சோட் ஆகியோரின் ஆய்வு காட்டியது. 2003-இல் பண்ணைகளுக்கு வந்தபோதோ வேலை கணிசமாகக் குறைந்தது என்று ஹாரூன் போரட் குழுவினர் கண்டார்கள். ஒரே நாடு, ஒரே காலகட்டம், இரண்டு விடை.

உணவுக் கடை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 2025-இன் முதல் காலாண்டில் வேலையின்மை 32.9 சதவீதமாக இருந்த நாட்டில் இதை அசட்டையாகப் பேச முடியாது. ஆனால் இங்கே ஆளை நீக்குவது அரிது, நடப்பது வேறு. சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது: குறைந்தபட்சக் கூலியைக் காரணம் காட்டித் தொழிலாளரின் சம்மதமின்றி வேலை நேரத்தையோ பிற நிபந்தனைகளையோ மாற்றுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்கிறது. ஒருவர் ஒரு நாளில் இரண்டு மணி நேரமே வேலை செய்தாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் நல்ல விதிகள். முதல் விதி ஏற்கெனவே வேலையில் இருப்பவரைக் காக்கிறது. அவர் தானாக விலகிய பிறகு அந்த இடத்துக்கு வருகிறவரைக் காக்காது. ஒன்பது மணி நேர ஆள் போனதும் அதே இடத்துக்கு ஐந்து மணி நேர ஆள் எடுத்தால் சட்டம் மீறப்படவில்லை, புள்ளிவிவரத்தில் வேலையும் குறையவில்லை. இரண்டாவது விதியால் நான்கு மணி நேரம் என்பதே பல கடைகளில் ஷிஃப்டின் அளவாகிவிடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 115 ராண்ட். போக வர டாக்சிக்கு 40 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 75. ஒன்பது மணி நேரம் வேலை செய்தாலும் டாக்சிக்கு அதே 40தான். ஆனால் கையில் 219 நிற்கும். மணிக் கூலி உயர்வைவிட மணி நேரக் குறைப்பு எவ்வளவு பெரிய அடி என்பது இதில் தெரியும்.

முழு நேரம் கிடைத்தவருக்கும் வசதி ஒன்றுமில்லை. வாரம் 45 மணி நேரத்துக்கு 28.79 வீதம் மாதம் ஏறத்தாழ 5,600 ராண்ட். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி, கண்ணியக் குழு மாதந்தோறும் கணக்கிடும் குடும்ப உணவுக் கூடையின் விலை 2025-இல் 5,300 ராண்டுக்கு மேலேயே இருந்தது. ஆகவே ‘கூலி ஏறினால் வாங்குகிறவர் கூடுவார், கடைக்கும் லாபம்’ என்ற வாதத்தை நான் ஓரளவுக்கு மேல் நம்புவதில்லை. ஏறுகிற காசு மளிகைக்குப் போகும், பன்னிக்கு மிகக் கொஞ்சமே வரும்.

சங்கிலிக் கடைகளுக்கும் தனிக் கடைகளுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். கேஎஃப்சி 1971-இலேயே இந்த நாட்டுக்கு வந்தது, மெக்டொனால்ட்ஸ் 1995-இல். இவர்களிடம் மொத்தக் கொள்முதல், மின்னணு வேலை நேரப் பதிவு, வெட்டி உறையவைத்து வரும் உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. ஒரு மணி உழைப்பில் தனிக் கடையைவிட அதிகம் விற்கிறார்கள். கூலி உயர்வு தங்களுக்கு எரிச்சல் என்றால் சின்னக் கடைக்கு அது மூச்சுத்திணறல் என்பது அவர்களுக்கும் தெரியும். கலிபோர்னியா 60 கிளை என்று கோடு போட்டது இதனால்தான். தென்னாப்பிரிக்காவில் அப்படிக் கோடு இல்லை. முடியாதவர் விலக்குக் கேட்கலாம், ஆனால் விலக்கிலும் கூலி 90 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது, ஓராண்டுக்கு மேல் செல்லாது. விண்ணப்பம் போட்டு அலையாமல் ஏட்டில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கொடுத்துவிடுகிற கடைகளும் உண்டு; பிடிபட்டால் குறைத்துக் கொடுத்ததைப்போல் இரு மடங்கு, அல்லது மாதச் சம்பளத்தைப்போல் இரு மடங்கு, இவற்றில் எது பெரிதோ அது அபராதம். போதாக்குறைக்கு, ஆப் வழியாகப் பொட்டலத்தை எடுத்துப்போகும் மோட்டார் சைக்கிள் இளைஞர் சுயதொழில் செய்கிறவராகவே நடத்தப்படுகிறார். அவருக்கு இந்தக் குறைந்தபட்சக் கூலி பொருந்துவதில்லை.

அந்தச் சாட்ஸ்வொர்த் கடையின் பின்கட்டில் நான்கைந்து ஆண்டுக்கு முன்வரை ஓர் ஆயா உட்கார்ந்து காலை முழுவதும் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். இப்போது அந்த முக்காலிக்குப் பக்கத்தில் இஞ்சிபூண்டு விழுது அடைத்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. ஆயாவை யாரும் நிறுத்தவில்லை. முழங்கால் வலி என்று அவராகவே நின்றுகொண்டார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கூலிதான் காரணமா என்று கேட்டேன். “கூலி பாதி, வாளி பாதி” என்றார் அண்ணன். கடை வாசல் கண்ணாடியில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது: உதவிக்கு ஆள் தேவை, வெள்ளி, சனி மட்டும், பதினொன்று முதல் மூன்று வரை.